மலையும் கிளியும் ஒரே படத்தில்: ஷட்டர் வேகம், ஓர் எளிய விளக்கம்

நாகர்கோவிலில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு மலை தென்படும். தென்கிழக்கே மருந்துவாழ்மலை, வடக்கே தாடகை மலை, வடகிழக்கே சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் மகேந்திரகிரி, வடமேற்கே வேளிமலை. இடையில் வயல், குளம், தென்னந்தோப்பு. விடிந்த கொஞ்ச நேரத்திலும் பொழுது சாயும்போதும் இந்த வெளியைக் குறுக்காகக் கடந்து பச்சைக்கிளிகள் கத்திக்கொண்டே போகும். கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பலர் கடலில் சூரியன் உதிப்பதைப் படமெடுத்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். பஸ் ஏறிக் கொஞ்சம் உள்ளே வந்தால் இந்தக் காட்சி கிடைக்கும். என்னைக் கேட்டால் மாவட்டத்திலேயே அழகானது இதுதான்.

பார்க்கச் சுலபம், படமெடுக்கக் கடினம். வீட்டுக்குப் போய்ப் பெரிய திரையில் பார்த்தால் மலை அழகாக இருக்கும், கிளி இருந்த இடத்தில் ஒரு பச்சைக் கோடு மட்டும் இருக்கும். இல்லையென்றால் கிளி ஓரளவு தெரியும், மலை கலங்கிப் போயிருக்கும். கேமரா விலை குறைந்தது என்பதால் இப்படி ஆவதில்லை. ஷட்டர் வேகம் என்ற ஒரே ஒரு விஷயம் பிடிபட்டால் சாதாரணக் கேமராவிலேயே இந்தப் படம் வரும்.

கேமராவுக்குள் சென்சார் என்ற தகடு இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு திரை. பொத்தானை அழுத்தினால் திரை திறந்து ஒளி உள்ளே விழும், உடனே மூடிக்கொள்ளும். திரை திறந்திருக்கும் அந்த நேரத்தைத்தான் ஷட்டர் வேகம் என்கிறோம். கேமராவின் பின்புறக் காட்சித் திரையில் 60 என்று காட்டினால் ஒரு நொடியில் 60-ல் ஒரு பங்கு, 1000 என்று காட்டினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் நகர்கிற எந்தப் பொருளும், தான் நகர்ந்த தூரத்துக்குப் படத்தில் ஒரு இழுவையை விட்டுப் போகும். மலை நகர்வதில்லை, அதனால் எத்தனை நேரம் திறந்து வைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. கிளி விஷயம் வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிளி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நொடிக்கு 11 மீட்டர். ஷட்டர் 1/60-ல் இருந்தால் திரை திறந்து மூடுவதற்குள் கிளி 18 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். நம் வயல்களில் பறக்கும் பச்சைக்கிளியின் நீளம் வாலோடு சேர்த்துச் சுமார் 40 சென்டிமீட்டர். அதாவது தன் நீளத்தில் கிட்டத்தட்டப் பாதியை அது கடந்துவிட்டது. அந்தப் பச்சைக் கோடு இப்படித்தான் வருகிறது. 1/250-ல் நாலரை சென்டிமீட்டர், 1/1000-ல் ஒரு சென்டிமீட்டரும் கொஞ்சமும், 1/2000-ல் அரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். இது உடம்பின் கணக்கு. சிறகை வீசும்போது அதன் நுனி உடம்பைவிட வேகமாக அசைகிறது, அதனால் உடம்பு தெளிவாக இருக்கும்போதும் சிறகு நுனி கொஞ்சம் கலங்கியிருக்கலாம். எனக்கு அந்தக் கலங்கல் பிடிக்கும். பறக்கிறது என்பதை அதுதான் சொல்கிறது.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று இங்கே இருக்கிறது. கிளி காற்றில் எத்தனை சென்டிமீட்டர் நகர்ந்தது என்பதைவிட, படத்தில் எத்தனை புள்ளி (பிக்சல்) நகர்ந்தது என்பதுதான் நம் கண்ணுக்குத் தெரியும். கிளி 30 மீட்டர் தள்ளிப் பறக்கிறது, உங்கள் கையில் புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்கும் 24 மெகாபிக்சல் கேமரா இருக்கிறது, ஷட்டர் 1/1000 என்று வைப்போம். தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 250 மி.மீ. லென்ஸில் கிளி படத்தில் 850 புள்ளி நீளத்துக்கு வரும், இழுவை 23 புள்ளி இருக்கும். அதே கிளியை 50 மி.மீ. லென்ஸில் எடுத்தால் கிளி 170 புள்ளி, இழுவை 5 புள்ளிதான். முதல் படத்தில் கலங்கல் கண்ணில் அடிக்கும், இரண்டாவதில் தேடிப் பார்த்தாலொழியத் தெரியாது.

கிளியைப் பெரிதாக இழுத்துப் பிடிக்க நினைக்கிறவருக்குத்தான் 1/2000-உம் 1/3200-உம் தேவை. மலையைப் பெரிதாகவும் கிளிக்கூட்டத்தைச் சிறிதாகவும் வைத்து எடுக்கிறவர் 1/1000-லேயே சமாளிக்கலாம், வெளிச்சம் போதாவிட்டால் 1/640-க்கும் இறங்கலாம். கேமராவோடு பெட்டியில் வந்த 18-55 லென்ஸை வைத்துக்கொண்டு, பெரிய லென்ஸ் இல்லையே என்று ஏங்குகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இந்தக் குறிப்பிட்ட படத்துக்கு உங்கள் லென்ஸ்தான் பொருத்தமானது.

சரி, பறவை போகிற திசையிலேயே கேமராவையும் திருப்பினால் கிளி கலங்காதே என்று கேட்கலாம். கலங்காது, உண்மைதான். கிளியின் வேகத்துக்குச் சரியாகக் கேமராவைத் திருப்பினால் சென்சாரில் கிளி ஒரே இடத்தில் நிற்கும். அப்போது இழுவை எங்கே போகும்? மலைக்குப் போகும். கேமரா அசையாமல் இருந்தால் கலங்குவது கிளி, கிளியோடு சேர்ந்து திரும்பினால் கலங்குவது மலை. அளவு இரண்டிலும் ஒன்றுதான். இரண்டும் தெளிவாக வேண்டுமென்றால் அந்த மொத்த இழுவையையே குறைக்க வேண்டும், அதற்குத் திரையைச் சீக்கிரம் மூடுவதுதான் வழி. வெறும் வானத்தில் பறக்கும் பறவைக்குச் சொல்லப்படும் பாடங்கள் மலைப் படத்துக்கு அப்படியே பொருந்தாததற்குக் காரணம் இதுதான். வானம் கலங்கினால் யாருக்கும் தெரியாது, மலை கலங்கினால் படமே போயிற்று.

அதனால் நான் சொல்வது இது: கிளியைத் துரத்தாதீர்கள். முதலில் மலையைத் தேர்ந்தெடுங்கள். படச் சட்டத்துக்குள் மலை எங்கே, வயல் எங்கே, கிளி நுழைய வேண்டிய காலி இடம் எங்கே என்று முடிவு செய்துவிட்டுக் கேமராவை அசையாமல் பிடித்துக் காத்திருங்கள். கிளிகளின் வழி பெரும்பாலும் மாறுவதில்லை. இரவு அடைகிற மரங்களிலிருந்து காலையில் இரை தேடக் கிளம்பும் கூட்டம், ஒரே தோப்பின் மேலாக, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நாள்தோறும் போகும். முதல் நாள் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு அந்த வழியை மட்டும் பார்த்து வையுங்கள். இரண்டாம் நாள் படமெடுங்கள். பயணத்தில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் மாலையில் பார்த்து, மறுநாள் காலையில் எடுத்துவிட்டு ரயில் ஏறலாம். இன்னொரு வசதியும் உண்டு. கிளி சத்தமில்லாமல் வராது. உருவம் தெரிவதற்கு முன்பே குரல் வந்துவிடும், விரலைப் பொத்தானில் வைக்க அந்த இரண்டு மூன்று நொடி போதும்.

போகஸ் விஷயத்திலும் சின்ன லென்ஸ்தான் கைகொடுக்கிறது. இதே கேமராவில் 50 மி.மீ., லென்ஸின் திறப்பளவைக் குறிக்கும் அப்பர்ச்சர் எஃப்8 என்று வைத்து, சுமார் 16 மீட்டர் தள்ளி நிற்கிற ஒரு தென்னையில் போகஸ் செய்தால், 8 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே போதிய தெளிவோடு வரும். கிளியும் அதற்குள், மலையும் அதற்குள். போகஸை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, தானியங்கிப் போகஸை அணைத்துவிடலாம். 250 மி.மீ. லென்ஸில் இது நடக்காது. 30 மீட்டரில் போகஸ் வைத்தால் 28-க்கும் 32-க்கும் இடையில்தான் தெளிவு, பின்னால் இருக்கும் தாடகை மலை ஒரு நீலப் பூச்சாகிவிடும். அதுவும் ஓர் அழகுதான், கிளியின் முகம் வேண்டும் என்பவர்கள் அப்படி எடுக்கலாம். அப்போது கேமராவை, நகரும் பொருளை விடாமல் பின்தொடரும் தொடர் போகஸில் வைக்க வேண்டும். கேனானில் அதற்குப் பெயர் ஏஐ சர்வோ, நிக்கான், சோனி கேமராக்களில் ஏஎஃப்-சி.

திரையைச் சீக்கிரம் மூடினால் உள்ளே விழும் ஒளி குறையும். எஃப்8-ஐ மாற்றாமல் அந்தக் குறையை ஈடுகட்ட, சென்சாரின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை ஏற்ற வேண்டும். நல்ல வெயிலில் எஃப்8, 1/1000 வைத்தால் ஐஎஸ்ஓ 250 போதும். காலைச் சாய்வெயிலில் 800 அல்லது 1000 வரை போகும். மேகமூட்டத்தில் 2000. புதிதாக எடுக்கிறவர்கள் ஐஎஸ்ஓ ஏறினால் படம் மணல்மணலாக வரும் என்று பயந்து 200-லேயே நிறுத்திக்கொள்கிறார்கள், கேமரா ஷட்டரை 1/200-க்கு இறக்கிவிடுகிறது, கிளி போய்விடுகிறது. மணல்மணலாக இருக்கும் படத்தைப் பின்னால் ஓரளவு சரிசெய்யலாம், கலங்கிய கிளியை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. ஐஎஸ்ஓவைத் தயங்காமல் ஏற்றுங்கள்.

அப்புறம், வெளிச்ச அளவைக் கேமராவின் முடிவுக்கு விடாமல் நீங்களே நிலையாக வைத்துக்கொள்வது நல்லது. வானம் அதிகமாகச் சட்டத்துக்குள் வந்தால் கேமரா படத்தை இருட்டாக்கும், கிளி கறுப்பாகிவிடும். வெயில் படுகிற வயலையோ தென்னை ஓலையையோ பார்த்து அளவை எடுத்து அப்படியே வைத்தால் போதும், அதே வெயில்தான் கிளியின் மேலும் விழுகிறது.

பச்சைக்கிளி, பச்சை மலை. இதுதான் இங்கே பெரிய சிக்கல். வெயில் நேராக விழும் பச்சைச் சரிவுக்கு முன்னால் கிளி பறந்தால், எவ்வளவு தெளிவாக எடுத்தாலும் கண்ணில் படாது. பின்னணியில் மலையின் நிழல் விழுந்த பக்கம் வருகிற மாதிரி நில்லுங்கள். இருண்ட சரிவுக்கு முன்னால், வெயில் பட்ட கிளி மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். தூரத்து மலை நீலமாகத் தெரியும் நேரமும் நல்லது. வயலில் கதிர் முற்றிப் பொன்னிறமாக இருக்கும் வாரங்கள் எல்லாவற்றையும்விட மேல். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளையும் நாஞ்சில் நாட்டில் அந்த வாய்ப்பு வருடத்தில் இரண்டு முறை வரும், கிளிகளும் அப்போது கதிருக்காகவே இறங்கும். விவசாயிக்கு அது நஷ்டம் என்பதையும் மனதில் வையுங்கள். தகரம் தட்டி அவர் கிளி விரட்டும்போது, "அண்ணாச்சி, இன்னொரு தடவை தட்டுங்களேன்" என்று படத்துக்காகக் கேட்பது சரியில்லை. அவருடைய வரப்பில் நிற்கக் கேட்டுவிட்டு நில்லுங்கள், அது போதும்.

இனி எங்கே நிற்பது. சுசீந்திரம், தேரூர் குளங்களைச் சுற்றிய வயல்வெளியிலிருந்து மருந்துவாழ்மலை தென்கிழக்கில் இருக்கிறது. மாலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், மலைச்சரிவும் கிளியும் ஒருசேர ஒளி பெறும். காலையில், அதிலும் மார்கழி, தை மாதங்களில், சூரியன் மலையின் பக்கமிருந்தே எழும். அப்போது நிறத்தை மறந்துவிட்டு மலையின் விளிம்பையும் கிளிகளையும் நிழலுருவங்களாக எடுக்கலாம், கிளியின் நீண்ட வால் அதற்கு ரொம்பப் பொருத்தம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, ஆகவே நீர்ப்பறவைகளும் கூடவே கிடைக்கும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் கதை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், மேற்கிலிருந்து வரும் காற்று இரண்டு பக்கமும் இருக்கும் மலைகளுக்கு நடுவில் நெருங்கி வேகம் பிடிக்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். இங்கே காற்றையே ஓர் உதவியாளாக வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 40 கிலோமீட்டரில் பறக்கிற கிளி, 20 கிலோமீட்டர் காற்றை எதிர்த்துப் போனால், தரையில் நிற்கிற நமக்கு அது 20 கிலோமீட்டர்தான் நகர்கிறது. இழுவை பாதியாகிவிடும். காற்றோடு சேர்ந்து கிழக்கே போகிற கிளிக்கோ 60. ஆகவே மேற்கு நோக்கிப் போகிற கூட்டத்துக்குக் காத்திருங்கள். கேமராவை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆடிக்காற்றில் முக்காலியே ஆடும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு எல்லோரும் போகிறார்கள். 1966-ல் பறளியாற்றுக்கு மேலே கட்டியது, உயரம் 115 அடி. மேலே நின்றால் தென்னை, ரப்பர் மரங்களின் தலை நமக்குக் கீழே இருக்கும். தரையிலிருந்து எடுத்தால் கிளியின் வயிறுதான் தெரியும், அதுவும் நிழலில். இங்கிருந்து கீழே பறக்கும் கிளியை எடுத்தால் முதுகும் விரிந்த சிறகும் வெயிலில் தெரியும். பாலத்தின் நடைபாதை குறுகலானது, கூட்டம் வருவதற்கு முன் காலையிலேயே போய்விடுவது நல்லது.

இன்னும் உள்ளே, 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் பக்கமும் கீரிப்பாறை, காளிகேசம் பக்கமும் போனால் கிளியே மாறிவிடும். வயலில் பார்ப்பது கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமும் கலந்த வளையம் உள்ள செந்தார்ப் பைங்கிளி, அந்த வளையம் ஆணுக்கு மட்டும். காட்டோரத்தில் பார்ப்பது மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய கிளி: சாம்பல் தலை, நீலச் சிறகு, மஞ்சள் நுனி கொண்ட நீல வால். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வாழாத பறவை நம் மாவட்டத்தின் மலைக்கு மேல் பறக்கிறது என்பதை நினைத்தாலே எனக்குப் பெருமையாக இருக்கும். தலைகீழாகத் தொங்கித் தூங்குகிற குட்டிக் கிளியும் அங்கே உண்டு. அதன் நீளம் 14 சென்டிமீட்டர்தான். 1/1000-ல் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் அதன் உடம்போடு ஒப்பிட்டால் அது பெரிய நகர்வு. அதற்கு 1/2500-க்கு மேல் போங்கள்.

2008-ல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்பு கொண்டது. காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். சாலையோரத்திலிருந்தே மலையும் கிளியும் கிடைக்கும்போது உள்ளே நுழையத் தேவையும் இல்லை.

கூட்டை மட்டும் விட்டுவிடுங்கள். மண்டை போன தென்னை, பனை, பழைய மரப்பொந்து, கோபுர மாடம் என்று கிளி கூடு வைக்கும் இடங்கள் எளிதில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அங்கே போய் நின்றால் தாய்க்கிளி திரும்பி வரத் தயங்கும், குஞ்சு பட்டினி கிடக்கும். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு எழுதிப் போட்டால் குஞ்சு பிடித்து விற்கிறவர்களுக்கு வழி காட்டியதாகும். கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஆனாலும் அந்த வியாபாரம் நிற்கவில்லை. ஒலிபெருக்கியில் கிளிக்குரலைப் போட்டு வரவழைக்கவும் வேண்டாம்.

கையில் போன் மட்டும்தான் என்றால், ஒரு கிளி 30 மீட்டரில் படத்தில் 40 புள்ளி அளவே வரும். ஆகவே ஒற்றைக் கிளியை விட்டுவிட்டு, கூட்டமாக வளைந்து போகிற வரிசையை மலைக்கு மேலே வையுங்கள். நல்ல வெயிலில் போனே ஷட்டரைப் போதிய அளவு வேகமாக வைத்துக்கொள்ளும். மங்கிய நேரத்தில், அளவுகளை நாமே மாற்றவிடும் புரோ முறைக்குப் போய் நீங்களே 1/1000 வையுங்கள். விரல்களால் திரையை விரித்துப் பெரிதாக்க வேண்டாம், பெரும்பாலான போன்களில் அது புள்ளிகளை ஊதிக் காட்டுவது மட்டும்தான்.

கேமராவோ போனோ, பொத்தானை ஒரு முறை தட்டாமல் அழுத்திப் பிடித்து வரிசையாகப் பல படம் எடுங்கள். சிறகு மேலே போனதும் கீழே இறங்கியதும்தான் படத்தில் அழகாக இருக்கும். நடுவில், உடம்போடு ஒரே கோட்டில் இருக்கும்போது பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கிளி பறக்கும் குச்சி மாதிரி தெரியும். பத்துப் படத்தில் இரண்டில் சிறகு சரியாக அமைந்தாலே நல்லது.

முதல் கூட்டம் போனதும் அங்கேயே நின்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மலை தெளிவு, கிளி முழுக்கக் கோடு என்றால் ஷட்டர் மெதுவாக இருக்கிறது, இரண்டு மடங்கு ஏற்றுங்கள். கிளி தெளிவு, மலை பக்கவாட்டில் இழுத்திருந்தால் நீங்கள் கேமராவைத் திருப்பிவிட்டீர்கள். இரண்டும் ஒரே திசையில் இழுத்திருந்தால் கை ஆடியிருக்கிறது, முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள் அல்லது தென்னையில் சாய்ந்து நில்லுங்கள். இழுவையே இல்லாமல் கிளி மட்டும் புகைபோல இருந்தால் குறை போகஸில், ஷட்டரைத் தொட வேண்டாம். உடம்பு தெளிவு, சிறகு நுனி மட்டும் கலங்கல் என்றால் எதையும் மாற்றாமல் அடுத்த கூட்டத்துக்கும் அப்படியே எடுங்கள்.